சாமான்ய மனிதன் படுகொலைக்குத் துணை போவது ஏன்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாத வகுப்பில் பாசிசத்தைப் பற்றிப் பேசினோம். ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் யூத மக்கள் கொல்லப்பட்டதைச் சொன்னோம். வகுப்பு முடிகிற சமயம், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு தோழர் எழுந்தார். "அறுபது லட்சம் பேரை ஹிட்லர் ஒருவனே கொன்றிருக்க முடியாதே! துப்பாக்கியைப் பிடித்த கை யாருடைய கை? அவர்களும் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள்தானா?" என்று கேட்டார்.

நாம் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னோம். "அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! சுட மறுத்திருந்தால் அவர்களையே சுட்டிருப்பார்கள்" என்றோம். தோழர் உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் கலைந்தது.

அந்தப் பதில் தவறு. பிறகு எடுத்துப் படித்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்தது. தவறான பதிலைச் சொல்லிவிட்டு மௌனமாக இருப்பது கம்யூனிஸ்டுக்கு அழகல்ல. ஆகவே இன்றைய வகுப்பை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம். இது யாரோ அயல்நாட்டாரைப் பற்றிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். தொழிலாளி வர்க்கத்தின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையையே உரசிப் பார்க்கிற கேள்வி இது.

ஹாம்பர்க் நகரத்து மனிதர்கள்

ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. பாட்டாளிகள் நிறைந்த ஊர். ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் எர்னஸ்ட் தேல்மன் பிறந்ததும், துறைமுகத்தில் உழைத்ததும் அங்கேதான். 1923-ல் தொழிலாளர்கள் ஆயுதமேந்தி எழுந்த நகரம் அது.

அந்த நகரத்திலிருந்து 1942 ஜூன் மாதம் சுமார் 500 பேர் கொண்ட ஒரு போலீஸ் பட்டாளம், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்து நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு 101-வது ரிசர்வ் போலீஸ் பட்டாளம் என்று பெயர். இவர்கள் பொறுக்கியெடுத்த கொலைகாரர்கள் அல்ல. ராணுவத்துக்கு வயது அதிகம் என்று ஒதுக்கப்பட்டவர்கள். சராசரி வயது 39. பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்தவர்கள். இவர்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர் கிறிஸ்டபர் பிரவுனிங், பதிவு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் தொழிலாளிகள் என்று கண்டார். துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், கிடங்குத் தொழிலாளி, கட்டிடத் தொழிலாளி, இயந்திரம் ஓட்டுபவர், கப்பல் சிப்பந்தி, ஓட்டலில் பரிமாறுபவர் - இவர்கள்தான். நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர் நாலில் ஒருவரே. ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே ஆளாகிவிட்டவர்கள். தொழிற்சங்கக் கூட்டங்களையும் செங்கொடி ஊர்வலங்களையும் கண்ணால் பார்த்த தலைமுறை.

1942 ஜூலை 13-ந் தேதி விடியற்காலை. லாரிகளில் ஏற்றி யூசேஃபுவ் என்ற சிற்றூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே 1,800 யூதர்கள் வாழ்ந்தார்கள். பட்டாளத்தின் தலைவர் மேஜர் வில்ஹெல்ம் டிராப் என்பவர். 53 வயதுக்காரர். ஆட்கள் அவரை அன்பாக "அப்பா டிராப்" என்று அழைப்பது வழக்கம். அவர் கண்ணில் நீர் நிற்க, தொண்டை அடைக்க, உத்தரவைச் சொன்னார். வேலைக்கு ஆகிற ஆண்களைப் பிரித்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் அத்தனை பேரையும் சுட்டுக் கொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "உங்களில் வயதானவர்களில் யாருக்காவது இது முடியாது என்று தோன்றினால் இப்போதே விலகிக் கொள்ளலாம்" என்றார்.

கவனியுங்கள், தோழர்களே! விலகிக் கொள்ளலாம் என்று தளபதியே சொன்னான்.

சிறிது நேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரே ஒருவன் வரிசையை விட்டு வெளியே வந்தான். அவனுடைய காப்டன் அவன் மேல் சீறி விழுந்தான். டிராப் காப்டனை அடக்கினார். அதைப் பார்த்த பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அன்று மாலைக்குள் ஊரையடுத்த காட்டில் சுமார் 1,500 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இடையிலே சிலர் மனம் தாளாமல் நழுவிக் கொண்டார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும், சுடும் வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் விலகியவர்கள் நூற்றுக்கு இருபது பேரைத் தாண்டவில்லை என்பது பிரவுனிங்கின் கணிப்பு. நூற்றுக்கு எண்பது பேர் கடைசி வரை சுட்டார்கள்.

பயமா காரணம்?

விலகியவர்களுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. சுடப்படவில்லை. சிறையில் போடப்படவில்லை. சகாக்கள் "கோழை" என்று ஏசினார்கள். சில்லறை வேலைகள் தலையில் விழுந்தன. அவ்வளவுதான்.

இது அந்தப் பட்டாளத்தில் மட்டுமல்ல. யுத்தம் முடிந்த பிறகு நூற்றுக்கணக்கான வழக்குகள் நடந்தன. "மறுத்தால் எங்களைக் கொன்றிருப்பார்கள்" என்று எதிரிக் கூண்டில் நின்ற பலர் சொன்னார்கள். ஆனால் ஆயுதமற்ற மக்களைக் கொல்ல மறுத்ததற்காக ஒருவன் கொடுந்தண்டனை அடைந்தான் என்று ஒரு சம்பவத்தைக் கூட எந்த வக்கீலாலும் ருசுப்படுத்த முடியவில்லை. நாம் சென்ற மாதம் சொன்ன பதில், அந்தக் கூண்டில் நின்றவர்கள் சொன்ன அதே பதில்! அதைத்தான் நாம் தெரியாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறோம்.

அப்படியானால் அவர்கள் பிறவியிலேயே அரக்கர்களா? அதுவும் இல்லை. அன்று இரவு முகாமுக்குத் திரும்பியபோது பெரும்பாலோர் மனம் குமைந்து கிடந்தார்கள். சோறு இறங்கவில்லை. சாராயத்தை நிறையக் கொடுத்தார்கள், குடித்தார்கள். நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டிராப் பகலெல்லாம் அழுதுகொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள். அழுதார், ஆனால் உத்தரவை மாற்றவில்லை. அந்தக் கண்ணீர் ஒரு குழந்தையைக் கூடக் காப்பாற்றவில்லை.

பயமும் இல்லை, பிறவிக் கொடூரமும் இல்லை என்றால் வேறென்ன? நமக்குத் தெரிந்த விஷயங்களாகவே இருக்கின்றன, தோழர்களே. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

முதலாவது, சக மனிதர்களின் முகம். "எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் விலகினால் என்னை என்ன நினைப்பார்கள்? என் பங்கு வேலையும் அவர்கள் தலையில் அல்லவா விழும்?" மில் கேட்டில் முதன் முதலாகச் சங்க நோட்டீசைக் கையில் வாங்கியவர்களைக் கேளுங்கள். மேஸ்திரியின் பார்வையைவிடப் பக்கத்துச் சைடுக்காரரின் பார்வைதானே அதிகம் சுட்டது? கூட்டத்திலிருந்து தனியே பிரிந்து நிற்பது மனிதனுக்கு அவ்வளவு கஷ்டம். ஒரு நோட்டீசுக்கே அப்படி என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள். விலகியவர்களிலும் பலர் "இது அநியாயம்" என்று சொல்லவில்லை. "எனக்கு மனத்திடம் போதாது" என்றுதான் சொன்னார்கள். அநியாயம் என்று சொன்னால் சுட்டுக் கொண்டிருக்கும் சகாக்களைக் குற்றம் சொன்னதாக ஆகிவிடுமே!

இரண்டாவது, வயிற்றுப் பிழைப்பும் பதவி ஆசையும். அந்தப் பட்டாளத்தில் ஒரு லெப்டினெண்ட், குழந்தைகளையும் பெண்களையும் சுடுகிற வேலைக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வேறு வேலை வாங்கிக் கொண்டான். எப்படித் துணிந்தாய் என்று பிற்காலத்தில் விசாரணையில் கேட்டபோது அவன் சொன்ன காரணத்தைப் பாருங்கள். ஊரிலே மரவியாபாரம் நன்றாக நடக்கிறது, போலீசில் பதவி உயர்வு கிடைத்தால்தான் பிழைப்பு என்ற நிலை தனக்கில்லை என்றான். "முடியாது" என்ற சொல்லைச் சொல்ல அவனுக்குச் சொத்து துணை இருந்தது. சொத்து இல்லாதவனுக்கு எது துணை? சங்கம்தான் துணை. ஹாம்பர்க் தொழிலாளிக்கு அது இருந்ததா? 1933 மே 2-ந் தேதி நாஜிகள் ஜெர்மனி முழுதும் தொழிற்சங்கக் காரியாலயங்களில் புகுந்து அவற்றை ஒழித்தார்கள். கம்யூனிஸ்டுகளை அதற்கு முன்பே சிறையிலும் முகாமிலும் அடைத்தார்கள். தேல்மனைப் பதினொரு வருஷம் சிறையில் வைத்து 1944-ல் கொன்றார்கள். யூசேஃபுவ் காட்டுக்குப் போன தொழிலாளி, சேர்ந்து நின்று "முடியாது" என்று சொல்லும் பழக்கத்தை ஒன்பது வருஷமாக மறந்திருந்தவன். பாசிசம் முதலில் சங்கத்தை ஏன் உடைக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மூன்றாவது, படிப்படியாகப் பழக்குவது. 1933-ல் யூதர் கடையில் சாமான் வாங்காதே என்றார்கள். 1935-ல் யூதருக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள். 1938-ல் கோயில்களைக் கொளுத்தினார்கள். ஒவ்வொரு படியிலும் "இவ்வளவுதானே" என்று பக்கத்து வீட்டுக்காரன் கதவைச் சாத்திக் கொண்டான். யுத்தகாலத்தில், ஹாலந்து நாட்டு யூதர்களின் வீட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாக ஹாம்பர்க் துறைமுகத்தில் வந்திறங்கின. கட்டில், மேஜை, கம்பளி, குழந்தைகளின் உடுப்பு - எல்லாம் மலிவு விலையில் ஏலம் போயின. ஏழைக் குடும்பங்களும் போய் வாங்கின. அந்தக் கட்டிலில் படுத்தவன் அதன் சொந்தக்காரன் என்ன ஆனான் என்று கேட்பானா?

நான்காவது, வேலைப் பிரிவினை. யூசேஃபுவில் நேருக்கு நேர் நின்று சுட வேண்டியிருந்ததால் ஆட்கள் கலங்கினார்கள் என்று மேலிடம் தெரிந்து கொண்டது. அடுத்து வோமாஸி என்ற ஊரில், சுடுகிற வேலையில் பெரும்பகுதியைப் பிற நாட்டுக் கூலிப்படைக்கு ஒப்படைத்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் சுற்றி வளைத்துப் பிடித்து ஓட்டி வந்தால் போதும். அதற்குப் பிறகு ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். ரயில் டிரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்குப் போகும். நம் மில்லில் புளோ ரூமில் பஞ்சைக் கொட்டுபவர் ரீலிங்கில் நூல் சுற்றப்படுவதைப் பார்ப்பதில்லை அல்லவா? அதேபோலக் கொலையையும் இலாகா இலாகாவாகப் பிரித்தார்கள். ஒருவன் பட்டியல் எழுதினான். ஒருவன் வண்டி ஓட்டினான். ஒருவன் கதவைப் பூட்டினான். ஒவ்வொருவனும் "நான் கொல்லவில்லை" என்று சொல்லிக் கொண்டான்.

1943 நவம்பர் முடிவதற்குள் இந்த 500 சாமான்ய மனிதர்கள் குறைந்தது 38,000 பேரைச் சுட்டுக் கொல்வதில் பங்கு கொண்டார்கள். 45,000 பேரை டிரெப்ளிங்கா ரயிலில் ஏற்றினார்கள். முதல் நாள் சாப்பிட முடியாமல் கிடந்தவர்களில் பலர், பிற்பாடு ஆள் கேட்டபோது தாமாகவே கையைத் தூக்கினார்கள்.

இரண்டாவது மனிதன்

இதை வேறொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 1961-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஸ்டான்லி மில்கிராம் என்ற பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். தபால் குமாஸ்தா, விற்பனையாளர், உடலுழைப்புத் தொழிலாளி என்று சாதாரண மனிதர்களைக் கூலி கொடுத்து அழைத்தார். அடுத்த அறையில் இருப்பவன் தப்பான விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைக் கூட்டி அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்றார். உண்மையில் மின்சாரம் கிடையாது. அடுத்த அறையிலிருந்தவன் நடித்தான். ஆனால் ஸ்விட்சை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று "மேலே செய்யுங்கள்" என்றார். 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்சான 450 வோல்ட் வரை போனார்கள். யாரும் அவர்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

பிறகு சோதனையை மாற்றினார். ஸ்விட்சை வேறொருவர் அழுத்த, இவர்கள் கேள்வியை மட்டும் படித்தால் போதும் என்றபோது 40 பேரில் 37 பேர் கடைசி வரை துணை நின்றார்கள். வேலைப் பிரிவினை செய்யும் வேலை அது!

இன்னொரு மாற்றம்தான் நமக்கு முக்கியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகாக்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக "இனி செய்ய மாட்டோம்" என்று எழுந்துவிட்டார்கள். அவர்களும் நடிகர்கள்தான். அதைப் பார்த்த பிறகு கடைசி வரை போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 40 பேரில் வெறும் 4 பேர்!

சோதனை அறை வேறு, கொலைக்களம் வேறு என்பது உண்மைதான். ஆனால் யூசேஃபுவிலும் இதே காட்சியைத்தானே கண்டோம்? முதல் மனிதன் வெளியே வந்து, அவனுக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்ட பிறகுதான் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கால் வந்தது. அந்த வரிசையில் இருபது பேர் முந்தின நாளே கூடிப் பேசி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆம்ஸ்டர்டாமில் நின்ற டிராம்கள்

இது வெறும் கற்பனை அல்ல. நடந்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் நாஜிகளின் துப்பாக்கிக்கு முன்னால்.

ஹாலந்து நாட்டை ஹிட்லர் 1940-ல் பிடித்தான். 1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 400-க்கு மேற்பட்ட யூத வாலிபர்களைத் தெருவில் வைத்து அடித்து இழுத்துக் கொண்டு போனார்கள். அதைக் கண்டு நகரசபைத் தொழிலாளிகளான வில்லம் கிரான், பீட் நாக் என்ற இரண்டு கம்யூனிஸ்டுகள் கொதித்தார்கள். கட்சி அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. 24-ந் தேதி மாலை ஒரு சந்தைத் திடலில் தொழிலாளிகளைக் கூட்டிப் பேசினார்கள். இரவோடிரவாகக் கட்சி நோட்டீஸ் அச்சாயிற்று. 25-ந் தேதி காலையில் டிராம்கள் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. டிராம் ஓடவில்லை என்றதும் நகரம் முழுதும் விஷயம் தெரிந்துவிட்டது. கப்பல் கட்டும் தொழிலாளர், நகரசபைத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள் எல்லோரும் வெளியேறினார்கள். பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. யூதர்களைப் பிடித்ததை எதிர்த்து, யூதரல்லாத தொழிலாளிகள் கூலியை இழந்து, உயிரைப் பணயம் வைத்து நடத்திய வேலைநிறுத்தம் அது!

நாஜிகள் சுட்டார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். இரண்டு நாளில் வேலைநிறுத்தத்தை நசுக்கினார்கள். தலைமை தாங்கியவர்களில் சிலரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். வில்லம் கிரானை 1942-ல் சுட்டார்கள்.

ஹாம்பர்க் தொழிலாளியும் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளியும் ரத்தத்தில் வேறா? இல்லை. ஒருவனுக்குப் பக்கத்தில் கட்சி மறைவாகவாவது உயிரோடிருந்தது. "நாளைக் காலை டிராமை எடுக்காதே" என்று திட்டமாகச் சொல்ல ஆள் இருந்தது. எடுக்காதவன் தனி ஆளாக இல்லை.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் மறுபடியும் தவறு செய்தவர்களாவோம். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்ட பிறகு ஹாலந்தில் என்ன நடந்தது? அங்கே வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களை எல்லை வரை ஏற்றிச் சென்றவை ஹாலந்து ரயில்வேயின் ரயில்கள். ஹாலந்து தொழிலாளிகளே ஓட்டினார்கள். 1944 செப்டம்பரில்தான் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. அதற்குள் ஏற்ற வேண்டியவர்களை ஏறக்குறைய முழுதும் ஏற்றி முடித்திருந்தார்கள். ஒரு நாள் தைரியம் போதாது. ஒவ்வொரு நாளும் அந்தச் சக்கரத்தை நிறுத்த ஆள் வேண்டும்.

வயல்காட்டு மனிதர்கள்

இங்கே வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்கள், இது நகரத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற சின்ன நாடு. துண்டு துண்டு நிலத்தை உழுது பிழைக்கும் குடியானவர்களின் நாடு. ஹூட்டு, டுட்சி என்ற இரண்டு பிரிவினரும் ஒரே பாஷை பேசினார்கள், ஒரே மலைச்சரிவில் பயிரிட்டார்கள். பெல்ஜியம் ஏகாதிபத்தியம் 1930-களில் ஆளுக்கொரு அடையாளச் சீட்டு கொடுத்து, நீ இன்ன இனம் என்று அதில் எழுதி, பிரிவினையைக் கல்லில் செதுக்கி வைத்தது. 1989-ல் காப்பி விலை விழுந்தது. குடியானவன் வயிறு காய்ந்தது. அடுத்த வருஷம் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. ஆட்சியிலிருந்தவர்கள் பசியின் கோபத்தைப் பக்கத்துக் குடிசையின் மேல் திருப்பினார்கள். ரேடியோவில் டுட்சிகளைக் "கரப்பான் பூச்சி" என்று ஓயாமல் திட்டினார்கள்.

1994 ஏப்ரல் 6-ந் தேதி ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே தொடங்கிய படுகொலை சுமார் நூறு நாள் நடந்தது. எட்டு லட்சம் பேர் வரை மாண்டார்கள். டுட்சிகளோடு, கொலையை எதிர்த்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் கணிசமானவர்கள் குடியானவர்கள். கையிலிருந்தது வயலில் வெட்டுகிற கத்தி. ஊர் அதிகாரிகள் ஆட்களைக் கூப்பிட்டுக் குழுவாகப் பிரித்து அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "வேலை". காலையில் "வேலைக்கு"ப் போனார்கள். மாலையில் செத்தவனுடைய மாட்டை அறுத்துச் சாப்பிட்டார்கள். கூரைத் தகட்டைப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். நிலத்தின் மேலும் கண் இருந்தது. பின்னால் கிராம நீதிமன்றங்கள் ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகளை விசாரித்தன. அவற்றில் பாதிக்கு மேல் சொத்தைக் கொள்ளையடித்த வழக்குகள்! இனவெறி என்ற போர்வைக்குள்ளே என்ன இருந்தது பாருங்கள். ஏழை ஏழையைக் கொன்று, அவன் மாட்டைத் தின்றான். அடையாளச் சீட்டு கொடுத்தவனுக்கும், காப்பி விலையைத் தீர்மானித்தவனுக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை.

அங்கேயும் நின்றவர்கள் உண்டு. புட்டாரே என்ற மாகாணத்தின் தலைமை அதிகாரி ழான் பாப்டிஸ்ட் ஹப்யாலிமானா கொலைக்கு இடம் கொடுக்க மறுத்தார். சுமார் இரண்டு வாரம் அந்த மாகாணத்தில் பெரும்பகுதி அமைதியாக இருந்தது. பிறகு அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், கொன்றார்கள். மேலிடத்திலிருந்து தலைவர்கள் வந்து "வேலை"யைச் செய் என்று பேசினார்கள். அதே ஜனங்கள்தான், கத்தியை எடுத்தார்கள். ஒரு நல்ல அதிகாரியை நம்பி ஜனங்கள் இருந்தால் அவர் போனதும் எல்லாம் போகும். ஜனங்களே ஸ்தாபனமாக நிற்க வேண்டும்.

நம் கொடியும் விலக்கல்ல

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை, செங்கொடியின் பெயரைச் சொல்லிக் கொண்டே போல்பாட் கும்பல் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சாகடித்தது. உத்தரவை நிறைவேற்றியவர்களில் பலர் படிக்காத ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். 1979 ஜனவரியில் வியத்நாம் படைதான் உள்ளே போய் அந்த ஆட்சியை வீழ்த்தியது. கொடியின் நிறம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

"சங்கத்திலும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறீர்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கட்டுப்பாடு, கூட்டத்தில் பேசி, கை தூக்கி நாமே முடிவு செய்தது. அது நம் கூலியை இழக்கச் சொல்லும். நிராயுதபாணியான இன்னொருவன் மேல் கை வைக்கச் சொல்லாது. என்றைக்காவது அப்படிச் சொன்னால் அது சங்கம் அல்ல. டிராப் நிறுத்தி வைத்த வரிசை. "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுந்து நிற்கும் தோழரை உட்கார வைக்காமல் கேட்கிற பழக்கம் நம் கூட்டங்களில் இருக்க வேண்டும். சென்ற மாதம் கேள்வி கேட்ட தோழரை ஒரு வரியில் உட்கார வைத்தோமே, அது அந்தப் பழக்கத்துக்கு விரோதமான காரியம்.

நாம் செய்ய வேண்டியது

படுகொலை கத்தியில் ஆரம்பிப்பதில்லை, தோழர்களே. "அந்தத் தெருக்காரன்", "அந்த மதத்துக்காரன்", "அவனுங்களாலேதான் எல்லாம்" என்ற பேச்சில் ஆரம்பிக்கிறது. டீக்கடையில் அந்தப் பேச்சு வரும்போது சும்மா சிரித்துவிட்டு வராதீர்கள். அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அந்த இடத்தில் மறுப்பதற்கு ஒரு டீ ஆறுகிற நேரம்தான் செலவு. பின்னால் மறுப்பதற்கு உயிர் விலையாகும்.

துரத்தப்பட்டவனின் வீடோ, நிலமோ, சாமானோ மலிவாக வந்தால் தொடாதீர்கள். அதை வாங்கியவன் வாய் அன்றோடு அடைபட்டுப் போகும்.

உங்கள் கையால் நடக்கிற வேலை எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். லாரியில் என்ன ஏறுகிறது, பட்டியலில் யார் பெயர், எதற்கு என்று கேளுங்கள். "என் வேலை இவ்வளவுதான்" என்பது முதலாளி நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

கடைசியாக ஒன்று. முதலில் எழுந்து நிற்கிற மனிதன் எல்லா இடத்திலும் அபூர்வமாகத்தான் கிடைப்பான். அவனாக இருக்கும் தைரியம் நம் எல்லோருக்கும் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க நம்மால் முடியாது. ஆனால் இரண்டாவது மனிதனாக இருப்பதைப் பழகிக் கொள்ளலாம். ஒருவன் "முடியாது" என்று சொன்ன மாத்திரத்தில் அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சங்கம் என்பதே அந்தப் பழக்கம்தான். தினசரிச் சின்ன விஷயங்களில், ஒரு மேஸ்திரியின் ஏச்சிலும் ஒரு மரக்கால் நெல் குறைவிலும், அதைப் பழகினவனுக்குத்தான் பெரிய நாளில் கால் நகரும்.

கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது சரியான பதிலைச் சொல்கிறோம். ஆம், தோழரே, துப்பாக்கியைப் பிடித்தவர்களில் பலர் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள்தான். ஆம்ஸ்டர்டாமில் டிராமை நிறுத்தியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பது அந்த நாள் வந்த பிறகு முடிவாவதில்லை. அதற்கு முன்னால் பல வருஷங்களில் முடிவாகிவிடுகிறது.

இனி நீங்கள் கேளுங்கள். இந்தத் தடவை அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டோம்.